விஞ்ஞான விளக்கம்: கப்பல் கரை சேரும் வேகம்

மரக்காணத்து உப்பளங்களில் மூட்டை ஏற்றிக்கொண்டு, பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் செல்லும் லாரி ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். வண்டியும் சுமையுமாக 10 டன். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அது சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று எவருக்கும் சொல்லவேண்டியதில்லை.

இனி, 1,00,000 டன் எடையுள்ள கப்பல் ஒன்று துறைமுக மேடையை நெருங்குகிறது. விநாடிக்கு 10 சென்டிமீட்டர், அதாவது சுமார் நான்கு அங்குலமே நகர்கிறது. தவழும் குழந்தையும் அதை முந்திவிடும். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால், அந்த லாரியின் சக்தியும் இந்தக் கப்பலின் சக்தியும் சரிசமமே! கப்பலோடு சேர்ந்து நகரும் ஜலத்தையும் கூட்டினால் கப்பலின் பங்கு இன்னும் அதிகம்.

வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விதி. ஆகவே விநாடிக்கு 20 சென்டிமீட்டரில் வந்தால், நான்கு லாரிகள் ஒருசேர மோதுவதற்கு ஒப்பாகும். மேடையோரத்து ரப்பர்த் தாங்கிகள் ஓரளவு வரையில்தான் அதைப் பொறுக்கும்.

அப்படியானால் மெல்ல வந்தால் போதுமே எனலாம். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஜலம் விசையோடு பாய்ந்தால்தான் சுக்கான் வேலை செய்யும். வேகம் குறையக் குறையக் கப்பல் சுக்கானுக்கு அடங்காது. காற்றும் நீரோட்டமும் அதைத் தள்ளத் தொடங்கும். அதனாலேயே அந்தத் துறையை நன்கறிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி வழிகாட்டுகிறார். இழுவைக் கப்பல்கள் பெரிய கப்பலைத் தாங்கிப் பிடித்து, மேடைக்கு இணையாக நிறுத்தி, பக்கவாட்டில் மெள்ள மெள்ள அணைக்கின்றன. சில துறைகளில் லேசர் கருவி வேகத்தை அளந்து கணந்தோறும் காட்டுகிறது.

இவ்வளவு இருந்தும் தவறு நேர்வதுண்டு. 2020 ஏப்ரல் 6 அன்று தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில், 360 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ‘மிலானோ பிரிட்ஜ்’ என்ற சரக்குக் கப்பல் மிகை வேகத்தில் வந்து, மேடைமீது நின்ற ராட்சதப் பளுதூக்கியைச் சாய்த்துவிட்டது.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரனாரின் பெயரை இன்று தூத்துக்குடித் துறைமுகம் தாங்கி நிற்கிறது. கப்பல்களை விரைவில் திருப்பியனுப்புவதில் துறைமுகங்களெல்லாம் போட்டியிடும் காலம் இது. சரக்கு இறக்குவதில் விரைவு காட்டட்டும், வரவேற்கிறோம். ஆனால் மேடையை நெருங்கும் கடைசி நூறு கஜத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கலாகாது. அங்கே கயிற்றை ஏந்திக் காத்து நிற்பவன் ஒரு தொழிலாளி. அவனுக்கும் வீடு உண்டு, மக்கள் உண்டு.