வாசலில் மட்டும் காவல் போதுமா?



2024 நவம்பர் 13-ல் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். உடனே மெட்டல் டிடெக்டர், போலீஸ், கூட வருகிறவர் கையில் டேக் என்று பேச்சு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊழியரைத் தாக்கினால் சிறை என்று 2008-லேயே இங்கே சட்டம் உண்டு. குத்து நின்றதா?

ரெசிடென்ட் டாக்டருக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை சாதாரணமாகக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 1992-ல் உத்தரவு போட்டது. எந்தக் கல்லூரி மதித்தது?

என்னிடம் படித்தவளின் மகள் ஓரிடத்தில் பிஜி படிக்கிறாள். தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி. "எச்ஓடி கிட்ட சொல்லேன் மக்ளே" என்றேன். "சொன்னா தீசிஸ்ல கையெழுத்து விழாது தாத்தா" என்றாள். வேலை வாங்குகிறவரே பாஸ் போடுகிறவர் என்றால் பிள்ளை யாரிடம் வாயைத் திறக்கும்?

விமானம் ஓட்டுகிறவருக்கு டியூட்டி நேரம் முடிந்தால் இறக்கிவிடுகிறார்கள். இரண்டு நாள் உறங்காத கை நம் பிள்ளைக்கு ஊசி போடலாமாம்! மருந்தின் அளவு தவறினால் பழி அந்தக் கைக்கு. டியூட்டி சார்ட் போட்டவர் பெயர் வெளியே வராது. காத்திருப்பவரிடம் எரிந்து விழுவதும் அந்த அசதிதான், சண்டை தொடங்குவதும் அங்கேதான்.

"நாங்களும் இப்படித்தான் படிச்சோம்" என்கிறார்கள் மூத்த டாக்டர்கள். (பிரம்படிக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் இதே வசனம்தான்.)

ஆசாரிப்பள்ளமோ சென்னையோ, அரசோ தனியாரோ, யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று வாராவாரம் டீன் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். புகாரை அந்தத் துறைக்கு வெளியே உள்ளவர் விசாரிக்கட்டும். இதற்கு டிடெக்டர் வாங்கும் செலவுகூட இல்லை.