ஓடாத ஏசி

சித்தூர் வீட்டில் அப்பாவின் 1974 மாடல் அம்பாசடர் இன்னும் நிற்கிறது. பிற்காலத்தில் பொருத்திய ஏசி ஓடி வருஷக்கணக்காகிறது. "கழட்டிடலாம்ணா, இன்ஜின் சூடாகுது" என்றான் தம்பி போனில்.

மஸ்கட்டில் ஏசி இல்லாமல் பத்து நிமிஷம் கார் ஓட்டாத நான் என்ன சொல்வது? ஆனால் அவன் சொல்வது நியாயம்தான். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் நின்றால் காற்று தடைபடும். ஓடாத ஏசி வாராக்கடன் மாதிரி. ஏட்டில் சொத்து, நிஜத்தில் சுமை.

திருப்பதிக்கு அதில் போகிறவர் அம்மா. அவரைக் கேட்டேன். "ஜன்னலைத் திறந்தா காத்து வராதா? உங்கப்பா இருந்தப்போ அப்படித்தானே போனோம்?" 70 கிலோமீட்டருக்கு அவர் கவலைப்படவில்லை.

கழற்றுங்கள். ஆனால் குழாயை அறுத்து கேஸைக் காற்றில் விடாதீர்கள். பழைய கார் ஏசிகளில் இருந்தது ஓசோனை அரிக்கும் ஆர்-12. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்தியாவும் 2010-ல் அதைக் கைவிட்டது. மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கழற்றிய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் பெட்டியில் கட்டி வையுங்கள்.

ஊரில் இருக்கும் வண்டிக்கு இங்கிருந்து உத்தரவு போடும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் உட்காருகிறவரை முதலில் கேளுங்கள்.