ஐ7-ஐ அடிச்ச ஐ5!

இன்ஜினியரிங் சேரப் போற தம்பி, தங்கச்சிங்க வீட்ல எல்லாம் 'என்ன லேப்டாப் வாங்கலாம்?'னு மீட்டிங் ஓடிட்டிருக்கும். கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி என் சோகக் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

ஃபர்ஸ்ட் இயர்ல, அப்பா சீட்டு எடுத்த பணத்தோட கடைக்குப் போனோம். 'இன்ஜினியரிங் பையனுக்கு ஐ7தான் சார் கரெக்ட்'னு கடைக்காரர் சொன்னதும் அப்பா யோசிக்கவே இல்ல. ஐ5-ஐ விடப் பத்தாயிரத்துச் சொச்சம் கூட. என் ரூம் மேட் வாங்கினது ஐ5. ரொம்ப நாள் அவன் முன்னாடி நான்தான் கெத்து!

அப்புறம் கல்ச்சுரல்ஸ் வந்துச்சு. ஒரு குட்டி அனிமேஷனை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சு, பிளெண்டர்ல ரெண்டர் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போனோம். தோசை சாப்பிட்டுத் திரும்பி வந்தா, அவனுக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு முக்கால்வாசிகூடத் தாண்டல. ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி அலறுது!

அன்னிக்குத்தான் மாடல் நம்பரை முழுசாப் படிச்சேன். என்னுது ஐ7-1255யு. அவனுது ஐ5-12500ஹெச். ரெண்டுமே 2022-ல வந்த 12-ம் தலைமுறை. மேட்டரே கடைசி எழுத்துலதான் இருக்கு! 'யு'ன்னா கரன்ட்டை மிச்சம் பிடிக்கிற ரகம், அடிப்படை 15 வாட். 'ஹெச்'னா 45 வாட். என்னுதுல பெரிய கோர் 2, சின்ன கோர் 8. அவனுதுல பெரிசு 4, சின்னது 8. நாலு செகண்ட் வேலைன்னா என்னுது பறக்கும். அரை மணி நேர வேலைன்னா சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கும். தப்பு சிப் மேல இல்லீங்க. மெல்லிசா இருக்கணும், பேட்டரி நிக்கணும்னு கேக்குறவங்களுக்காகச் செஞ்சது அது. படிக்காம வாங்கினது நான்தானே!

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு. அதே வரிசையில ஐ5-1235யு-ன்னு ஒரு சிப் இருக்கு. அதே 10 கோர், அதே 12 எம்.பி. கேஷ். உச்ச வேகம் மட்டும் 4.4 கிகாஹெர்ட்ஸ், என்னுது 4.7. உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் கொஞ்சம் பெரிசு. அவ்ளோதான்!

கேஷ்னா என்னன்னு கேக்குறீங்களா? சமையல்காரர் கைக்கு எட்டுற அஞ்சறைப் பெட்டி. ரேம்ங்கிறது ஸ்டோர் ரூம். பெட்டி சின்னதுன்னா அடிக்கடி எழுந்து ஓடணும். 1998 ஏப்ரல்ல இன்டெல் விட்ட முதல் செலரான்ல இரண்டாம் நிலை கேஷே கிடையாது. விலை கம்மிதான், ஆனா பயங்கரமாத் திட்டு வாங்குச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல 128 கே.பி. கேஷை சிப்புக்குள்ளேயே வெச்சு 300ஏ-ன்னு ஒண்ணு விட்டாங்க. 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை நம்ம அண்ணன்மாருங்க 450-ல ஓட்டி, விலை கூடின பென்டியம் 2-க்கே தண்ணி காட்டினாங்க!

இன்னொரு கூத்து தெரியுமா? 2009-ல ஏ.எம்.டி. வித்த ஃபீனம் 2 எக்ஸ்3 நிஜத்துல நாலு கோர் சிப். ஒண்ணை மூடிட்டு மூணு கோர்னு வித்தாங்க. மதர்போர்டு செட்டிங்ல போய் மூடினதைத் திறந்தவங்களும் உண்டு. சிலருக்கு நாலாவது கோர் ஜோரா ஓடுச்சு, சிலருக்கு சிஸ்டமே ஹேங்!

சரி, என்னதான் வாங்குறது? சி புரோகிராமிங், பி.பி.டி., யூடியூப்னா இந்தத் தலைமுறை ஐ3 தாராளம். மிச்சக் காசுல ரேமை 16 ஜிபி ஆக்குங்க. ரொம்பச் சீப்பான மாடல்கள்ல வர்ற என்100-ல நாலுமே சின்ன கோர், 6 வாட். அதுல ரெண்டர், சிமுலேஷன்னு போனா விடிஞ்சுடும்! கனமான வேலைன்னா 'ஹெச்' தேடுங்க. 'அல்ட்ரா 5', 'அல்ட்ரா 7'னு ஸ்டிக்கர் மாறினாலும் கடைசி எழுத்தைப் பார்க்காம பணத்தை எடுக்காதீங்க.

போன வாரம் அப்பா போன்ல கேட்டார், "ஐ7 நல்லா ஓடுதாப்பா?"

"சூப்பரா ஓடுதுப்பா"ன்னேன். சீட்டுக்கு இன்னும் மூணு தவணை பாக்கி இருக்கு.