மருத்துவச்சிக்குப் பின்

நெல்லைக் கூலியாகப் பெற்று ஊர்ப் பிள்ளைகளைக் கையேந்திய மருத்துவச்சி இன்று கதைகளில்தான் இருக்கிறாள். அதற்காக நாம் ஏங்கவில்லை. வீட்டுப் பிரசவம் பறித்த உயிர்கள் அநேகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். பெருமைதான். ஆனால் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை என்பதும் அதே ஆய்வின் கணக்கு.

வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிப் பெண்ணுக்கோ, சிக்கலென்றால் நாகப்பட்டினம். 40 கிலோமீட்டருக்கும் மேல். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை மறித்தபோது அத்தூரத்தின் பொருளை ஊரே உணர்ந்தது.

செவிலியருக்கு 18 மாதப் பேறுகாலப் பயிற்சி அளிக்கும் நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டதும் அதே 2018இல்தான். இயல்பான பேற்றுக்குப் பொறுமையாகத் துணைநிற்கவும், சிக்கலை முன்கூட்டியே கண்டு அனுப்பவும் தெரிந்தவர்கள் அவர்கள். நகரத்துப் பெருமருத்துவமனைகளுக்கு முன்பாக, கோடியக்கரை போன்ற கடைக்கோடி ஊர்களுக்கே அவர்களை அனுப்பவேண்டும் என்கிறோம்.