கழற்றி மாட்டும் பெஞ்சு வேண்டும்

சாலையோர சிமென்ட் பெஞ்சில் ஒரு கால் உடைந்தால் முழு பெஞ்சும் போனதுதான். பழுதுபார்க்க வழியில்லாதபடியே அதை வார்க்கிறோம். அரூர் சாலையும் ஆத்தூர் சாலையும் பிரியும், சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் போன்ற பேரூராட்சிகளில் இது இன்னும் பெரிய இழப்பு. சாலையை அகலப்படுத்தினாலும் சாக்கடை தோண்டினாலும் முதலில் பெயர்த்து எறியப்படுவது பெஞ்சுதான். பெயர்த்ததைத் திரும்ப நட முடிவதில்லை. மூட்டு வலியோடு பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டி கடைப் படிக்கட்டைத் தேடிப் போகிறார்.

நம் முன்னோர் இதைவிட நன்றாக யோசித்தார்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்களின் நினைவாக வழியெங்கும் நட்ட சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். நட்ட கல் இரண்டு, மேலே கிடத்திய பலகைக் கல் ஒன்று. தலைச்சுமையைப் பிறர் கைகொடுக்காமலே இறக்கி ஏற்றத் தோதான உயரம். மூன்று துண்டில் முடிந்த வேலை அது.

இன்றைய பெஞ்சும் அப்படித் துண்டுகளால் ஆகட்டும். உலகக் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. காலுக்கு அந்த சிமென்ட் எதற்கு? சேலம், நாமக்கல் வட்டாரக் கல்குவாரிகளில் கழித்துப் போடும் கருங்கல் துண்டுகளே போதும். உட்காரும் பலகைக்குச் சீமைக் கருவேலத்தைச் சொல்வேன். உயர் நீதிமன்றம் அகற்றச் சொன்ன மரம், வெட்டியபின் பெரும்பாலும் விறகாகவும் கரியாகவும் போகிறது. அதன் வைரம் கெட்டியானது, எளிதில் உளுத்துப்போகாதது. கோணலாக வளர்வதால் நீளப் பலகை கிடைக்காது என்பார்கள். துண்டு பெஞ்சுக்குக் குட்டைச் சட்டங்கள்தானே வேண்டும்! சட்டத்தைக் கல்லோடு போல்ட்டால் முடுக்கினால், ஒன்று ஒடிந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். சித்திரை வெயிலில் கருங்கல்லும் எவர்சில்வரும் தொடையைச் சுடும். மரம் அந்த அளவுக்குச் சுடாது. ஆனாலும் நிழலில்லாத இடத்தில் எந்த பெஞ்சும் வீண். புங்கையோ வேம்போ இருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஊன்றி எழுந்திருக்க ஓரத்தில் கைப்பிடி அவசியம். பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு இடம் விட வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை சொல்லும் 1.8 மீட்டர் நடைபாதை அகலத்தையும் அடைக்கக் கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. லண்டனின் கேம்டன் பகுதியில் 2012-இல், யாரும் படுக்க முடியாதபடி சரிவும் மேடுமாக ஒரு கான்கிரீட் பெஞ்சை வடிவமைத்தார்கள். நம் ஊர்களிலும் நடுவில் கம்பி வைத்துப் பிரிக்கும் பழக்கம் பரவுகிறது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவரும், உச்சி வெயிலில் சற்றே சாயும் சித்தாளும் அந்தத் தெருவுக்கு உரியவர்களே.

உட்கார இடமிருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று நியூயார்க் சதுக்கங்களைக் கவனித்து நகர ஆய்வாளர் வில்லியம் வைட் 1980-இல் எழுதினார். 2019-இல் சென்னை பாண்டி பஜாரில் அகல நடைபாதையும் இருக்கைகளும் வந்தன. பெருநகருக்குக் கிடைத்தது பேரூராட்சிக்கும் கிடைக்க வேண்டும்.

தடை பணமல்ல, கணக்கெழுதும் முறை. எத்தனை பெஞ்சு போட்டோம் என்று மதிப்பீட்டில் எழுதுகிறார்கள். மாற்றுச் சட்டத்துக்கு அதில் இடமில்லை. பத்து பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சளவு உதிரிச் சட்டங்களும் போல்ட்டுகளும் சேர்த்து வாங்கட்டும். அளவு வரைபடத்தை உள்ளூர்த் தச்சர்களிடமும் லேத் பட்டறைகளிடமும் கொடுக்கட்டும். அயோத்தியாப்பட்டணத்தில் கோதண்டராமர் கோயில் முன்பும், ரயில் நிலையத்திலும், அரூர் பிரிவிலும் தொடங்கலாம். ராம நவமிக் கூட்டத்துக்கு நான்கு பேர் கழற்றி ஓரங்கட்டி, மறுநாள் அதே இடத்தில் மாட்டிவிடலாம்.