ஒரு சத்தத்தைச் சேத்து வைங்க



குழந்தைகிட்ட குரலை உயர்த்தவே கூடாதுன்னு இப்ப படிச்ச பெற்றோர் நிறையப் பேர் சொல்றாங்க. லீவுக்குச் சென்னை, கோயம்புத்தூர்ல இருந்து வர்ற எங்க சொந்தக்காரப் பிள்ளைகளும் அதையேதான் சொல்லுதுக. எங்க ஊர்ப் பெருசுகளோ, "ரெண்டு அதட்டு போட்டாத்தான் புள்ள உருப்படும்"னு சொல்றாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. என் அபிப்பிராயம் இதுதான்: ஆபத்துன்னா கத்தணும், ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது. ஆனா அந்தக் கத்தல் பலிக்கணும்னா, மத்த நாள் பூரா கத்தாம இருக்கணும்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பாக்கணும். கிராமத்துல எல்லாருக்குமே குரல் பெருசு. மோட்டார் ஓடுற சத்தத்துல, அந்த வரப்புல நிக்கிற ஆளை இந்த வரப்புல இருந்து கூப்பிடணும்னா மெதுவாப் பேசி ஆகாது. நம்ம பெரியவங்க தூரத்தையே குரலால அளந்தவங்க. "கூப்பிடு தூரம்"னு ஒரு அளவே இருக்கு. வெளியூர்ல இருந்து வர்றவங்க இதைக் கேட்டுட்டு "ஏன் சண்டை போடுறாங்க?"ன்னு மிரள்றது உண்டு. உரக்கப் பேசுறது வேற, கோவிச்சுக்கிறது வேற. குழந்தைக்கு வலிக்கிறது சத்தத்தோட அளவு கிடையாது, அதுல இருக்கிற வெறுப்பு. மெதுவான குரல்லயே ஒரு புள்ளயைக் கூனிக் குறுக வைக்க முடியும். ஊரே கேக்குற மாதிரிக் கத்தி ஒரு உசுரைக் காப்பாத்தவும் முடியும்.

எங்க திண்டுக்கல் பக்கம் ஒரு புள்ள வளர்ற இடத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அறுபது எழுபது அடிக் கிணறு, பல இடத்துல சுத்துச்சுவர் கிடையாது. தண்ணி கெடந்தா ஆழம் தெரியாது, வத்திப்போனா அடியில பாறை. ரிவர்ஸ்ல வர்ற டிராக்டர், அதுக்குப் பின்னால சுத்துற ரோட்டவேட்டர். மழைக் காத்துல அறுந்து விழுந்த கரண்டு கம்பி. தாண்டினா நாலு வழிச் சாலை. இங்கெல்லாம் "கண்ணு, அங்க போகக் கூடாதும்மா"ன்னு பொறுமையா விளக்கிட்டு இருக்க நேரம் கிடையாது. குழந்தைக்கும் ஆபத்துக்கும் நடுவுல நம்ம கை எட்டாத தூரம் இருக்கும். அந்த இடத்தை எட்டுறது குரல் ஒண்ணுதான்.

ஆனா எல்லார் குரலும் எட்டுறதில்ல. கதிர் முத்துற காலத்துல கம்பங்காடு, சோளக்காட்டுக்குப் பரண்ல ஏறிக் காவல் இருந்தவங்களுக்கு இது தெரியும். காலையில இருந்து விடாம ஒரே மாதிரி கத்திட்டே இருந்தா, மத்தியானத்துக்குள்ள குருவிக்கு அது பழகிப்போகும். நீங்க தொண்டை கிழியக் கத்துவீங்க, அது பாட்டுக்குக் கதிரைக் கொத்தும். மாடும் அப்படித்தான். தொட்டதுக்கெல்லாம் அதட்டி, வாலை முறுக்கி ஓட்டுற ஆளோட மாடு, பள்ளத்துக்கு முன்னால "நில்லு"ன்னா நிக்காது. பழக்கின மாடு ஒத்தைக் குரலுக்கு நிக்கும்.

புள்ளைங்க கதையும் இதேதான். பல் விளக்கலைன்னா கத்தல், சோத்தைச் சிந்துனா கத்தல், செல்போனைத் தொட்டா கத்தல். இப்படிக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதட்டு வாங்குற புள்ள, கிணத்து மேட்டுல நிக்கும்போது வர்ற சத்தத்தையும் இன்னொரு அதட்டுன்னுதான் எடுத்துக்கும். திரும்பிக்கூடப் பாக்காது. புலி வருது கதையில, கடைசியில நெசமாவே புலி வந்தப்ப யாரும் வரலைல்ல? அங்க ஏமாத்துனது பையன். நம்ம வீடுகள்ல தினமும் புலி வருதுன்னு கத்துறது அப்பா அம்மாதான்.

அடுத்தது, என்ன சொல்லிக் கத்துறது? "ஐயோ, விழுந்துடுவே!", "பாத்து, பாத்து!", "உனக்கு எத்தனை தடவை சொல்றது!" இதுல எதுவுமே புள்ள இப்ப என்ன செய்யணும்னு சொல்லலை. பதட்டத்துல நம்ம வாயில வர்றது நம்ம பயம். அதுக்குத் தேவை ஒரே ஒரு வேலை. "நில்லு!" அவ்வளவுதான். ரோட்டுல இன்னொரு விஷயமும் இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற புள்ளயைப் பேர் சொல்லிக் கத்தினா, அது அம்மா கூப்பிடுதுன்னு நம்மளை நோக்கித்தான் ஓடி வரும். நடுவுல வண்டி வர்றது அதுக்குத் தெரியாது. "இங்க வா"ங்கிற ரெண்டு வார்த்தை அங்க எமனா மாறிடும். அந்தப் பக்கம் நிக்கிற புள்ளக்கு "அங்கேயே நில்லு, நான் வர்றேன்"தான் சரியான சொல்.

கத்தவே கூடாத ஆபத்தும் இருக்கு. சுவரில்லாத கிணத்து ஓரத்துல ஏற்கனவே உக்காந்திருக்கிற புள்ள, மரத்துல உச்சிக் கொம்புல நிக்கிற பையன், காலுக்குப் பக்கத்துல பாம்பு. இங்க திடீர்னு அலறினா அந்த அதிர்ச்சியிலயே கால் தவறும், இல்ல பாம்பை மிதிக்கும். ஓடுற புள்ளயை நிறுத்தத்தான் சத்தம். நின்னுட்டு இருக்கிற புள்ளக்கு நிதானமான குரல்தான் வேணும்.

இதைச் சொல்லும்போது மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியை நினைக்காம இருக்க முடியல. எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான், அதே செம்மண், அதே வறட்சி. 2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ரெண்டு வயசுக் குழந்தை பயன்பாட்டுல இல்லாத ஆழ்துளைக் கிணத்துல விழுந்தது. முதல்ல முப்பது அடிக்குள்ள நின்ன குழந்தை, அப்புறம் எண்பது அடிக்கும் கீழ நழுவிப்போச்சு. பக்கத்துல குழி தோண்டுனா பாறை. பெரிய பெரிய ரிக் வண்டி வந்தும் வேகமாகலை. 29ஆம் தேதி விடியக்காலையில உடலைத்தான் எடுத்தாங்க. அந்தத் தாய் தன் அழுகையை அடக்கிட்டுக் குழிக்குள்ள இருந்த பிள்ளைக்குத் தைரியம் சொன்னதையும், மீட்க உதவும்னு கேட்டதும் தையல் மெஷின்ல உக்காந்து துணிப்பை தைச்சதையும் தமிழ்நாடே டிவியில பாத்துச்சு. நெஞ்சு வெடிக்கிற நேரத்துல அந்த அம்மா அலறாம, புள்ளக்குக் கேக்குற மாதிரி பேசினாங்களே, அதை விட ஒரு பாடம் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. குழந்தை பிழைக்கலைங்கிறதால அந்தக் குரல் வீணாப் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

இதுவரைக்கும் பெரியவங்க குரல் பத்திப் பேசினோம். குழந்தை கத்தினா நம்ம கேக்குறோமா? 2004 டிசம்பர் 26, சுனாமி. தாய்லாந்துல பூக்கெட் தீவுக் கடற்கரையில டில்லி ஸ்மித்னு பத்து வயசு இங்கிலாந்துப் பொண்ணு. ரெண்டு வாரம் முன்னாடிதான் பள்ளிக்கூடத்துல பூகோளப் பாடத்துல சுனாமி பத்திப் படிச்சிருந்தா. கடல் நுரைச்சுப் பொங்குறதைப் பாத்து, சுனாமி வருதுன்னு அம்மா அப்பாகிட்ட விடாமக் கத்துனா. அப்பா போய்க் காவலாளிகிட்டச் சொல்ல, ஆளுங்களை மேட்டுக்கு ஏத்தி அந்தக் கடற்கரையில யாரும் சாகாமத் தப்பிச்சாங்க. அதே நாள் புதுச்சேரி நல்லவாடு கிராமத்துல, சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் போன் பண்ணிச் சொன்னதும், கிராமத் தகவல் மையத்து ஒலிபெருக்கியில ஓடச் சொல்லி அறிவிச்சாங்க. ஊரே தப்பிச்சது. ரெண்டு இடத்துலயும் வந்த சத்தத்தை, கேட்டவங்க நம்புனாங்க. அதான் விஷயம்.

நம்ம வீட்டுல அந்த நம்பிக்கை ரெண்டு பக்கமும் இருக்கணும். எதைச் சொன்னாலும் திட்டு விழும்னு பயந்த புள்ள, ஆபத்து வந்தாலும் வாயைத் திறக்காது. கிராமத்துல இது உசுர் விஷயம். கட்டுவிரியன் கடிச்சா பெரிய வலியோ வீக்கமோ பல சமயம் இருக்காது. "ராத்திரி வைக்கோல் போர்ப் பக்கம் ஏன்டா போன?"ன்னு அடி விழும்னு ஒரு பையன் சொல்லாமப் படுத்துட்டா, விடியிறதுக்குள்ள மூச்சு நின்னுடும். பாட்டில்ல ஊத்தி வச்ச பூச்சிமருந்தை வாயில வச்ச புள்ளயும் அப்படித்தான். உடனே சொன்னா 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அந்த நேரத்தைத் தின்னுறது நம்ம கோவம்.

அதனாலதான் ஆபத்து முடிஞ்ச உடனே அடிக்கிற பழக்கத்தை விடணும்னு சொல்றேன். கிணத்துல விழ இருந்த புள்ளயைத் தூக்கிட்டு வந்து முதுகுல நாலு சாத்து சாத்துறது நம்ம ஊர் வழக்கம். அது பாசத்துல, பயத்துல வர்ற அடின்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த அடியில புள்ள படிக்கிற பாடம் "கிணத்துக்கிட்டப் போகக் கூடாது"ங்கிறது இல்ல, "போனா அப்பாவுக்குத் தெரியக் கூடாது"ங்கிறதுதான். கட்டிப் பிடிச்சுக்கங்க. நடுக்கம் நிக்கட்டும். சாயங்காலம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், ஒரு கல்லைக் கிணத்துல போட்டு அது விழுற சத்தத்தைக் கேக்க வைங்க. ஆழம் அதுக்கே புரியும்.

"திடீர்னு கத்துனா குழந்தை பயந்து மலைச்சுப் போகாதா?"ன்னு கேக்கலாம். பழக்கம் இல்லாட்டி மலைச்சுத்தான் போகும். அதுக்கு விளையாட்டுலயே வழி இருக்கு. நம்ம எல்லாரும் விளையாண்ட "ஸ்டேச்சு" விளையாட்டுதான். சொன்ன நொடி அப்படியே சிலையா நிக்கணும். என் பேரப்பிள்ளைங்க வந்தா களத்துல இதை விளையாடுவோம். சொல் மட்டும் "நில்லு". சிரிச்சுக்கிட்டே பழகுன சொல்லுக்கு, ஆபத்துலயும் கால் தானா நிக்கும். அடுக்குமாடியில இருக்கிறவங்களும் வண்டி நிறுத்துற இடத்துல இதை விளையாடலாம். லிப்ட் கதவு, மொட்டை மாடி, பின்னால வர்ற கார்னு உங்க பக்கமும் கிணறுக இருக்கத்தான் செய்யுது.

இவ்வளவும் சொன்னாலும், சத்தம் கடைசி வேலிதான். அதுக்கு முன்னால போட வேண்டிய வேலிகளைப் போடாம, "கத்திப் பாத்தேன், கேக்கலை"ன்னு புள்ள மேல பழி போடக் கூடாது. ஆழ்துளைக் கிணத்துக்கு என்ன செய்யணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே தெளிவாச் சொல்லிடுச்சு. போடும்போது சுத்தி முள்கம்பி வேலி, அறிவிப்புப் பலகை, குழாய் வாய்க்கு இரும்புத் தகடு மூடி, கைவிட்டா அடியில இருந்து மேல வரைக்கும் மண்ணோ கல்லோ போட்டு நிரப்பணும். சொல்லி ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் நடுக்காட்டுப்பட்டி நடந்தது. ஆயிரம் அடி போர் போட லட்சக்கணக்குல செலவு பண்றவங்க, தண்ணி வரலைன்னா மூடி போடுற ஆயிரத்துக்குக் கணக்குப் பாக்குறோம்.

ஊர்ல நிலம் வச்சிருக்கிற நண்பர்கள் அடுத்த தடவை வரும்போது, உங்க காட்டுல எத்தனை குழி வாயைத் திறந்துட்டு இருக்குன்னு நடந்து பாருங்க. மூட வேண்டியதை மூடுங்க. சுவர் வைக்க வேண்டிய இடத்துல நாலு அடிச் சுவர் வைங்க. அதையும் மீறி ஒரு நாள் வந்தா கத்துங்க, ஒரே ஒரு சொல்லாக் கத்துங்க. அந்த ஒரு சத்தத்தை அது வரைக்கும் செலவு பண்ணாம வச்சிருங்க.