கத்திக்கு முன்பே ஒரு ஃபைல்... எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

“டாக்டர் ஆபரேஷன் செய்யலாம்னு சொல்றார். இன்ஷூரன்ஸ்காரங்க பணம் தர முடியாதுன்னு சொல்றாங்க!”

உடல்பருமனுக்கான அறுவைசிகிச்சையைப் பற்றி யோசிக்கும் பல குடும்பங்கள் வந்து திகைத்து நிற்கும் இடம் இது. இரண்டு தரப்பில் ஏதோ ஒன்று ஏமாற்றுவதாகத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டு தரப்பின் கையிலும் இருக்கும் அளவுகோல்கள் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை அட்மிஷன் போடும் நாளில் தெரிந்துகொண்டால், சில லட்சங்களைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டால், அந்த அவகாசத்தில் உடலையும் தயார் செய்யலாம், ஃபைலையும் தயார் செய்யலாம்.

ஒரே எடை... இரண்டு அளவுகோல்!

பி.எம்.ஐ என்பது எடையை (கிலோவில்), உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். உயரம் 160 செ.மீ என்றால், 1.6-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 2.56. எடை 92 கிலோ என்றால், 92-ஐ 2.56-ஆல் வகுக்க, பி.எம்.ஐ சுமார் 36.

ஆசிய நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரைநோயும் இதயநோயும் வந்துவிடுகின்றன. அதனால் 2022-ல் வெளியான சர்வதேச அறுவைசிகிச்சை வழிகாட்டுதல், பி.எம்.ஐ 35-ஐத் தொட்டாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், அறுவைசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசிய நாட்டவருக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. டாக்டர் கையில் இருப்பது இந்த அளவுகோல்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கையில் இருப்பது, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல் வகுத்துக் கொடுத்த பொதுவான வாசகம். பாலிசி புத்தகத்தில் ‘விலக்குகள்’ பகுதியில், ‘உடல்பருமன், எடைக் கட்டுப்பாடு’ என்ற தலைப்பில், 06 என்ற குறியீட்டு எண்ணுடன் இது இருக்கும். அதன்படி, கீழ்க்கண்ட நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால்தான் பணம்.

* அறுவைசிகிச்சை டாக்டரின் ஆலோசனைப்படி செய்யப்பட வேண்டும்.
* மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும்.
* நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.
* பி.எம்.ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது, 35-க்குக் குறையாமல் இருந்து, பட்டியலில் உள்ள ஒரு தீவிர நோயும் இருக்க வேண்டும். எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலன் கிடைக்காமலும் போயிருக்க வேண்டும்.

பட்டியலில் நான்கே நோய்கள்

அந்தத் தீவிர நோய்கள் எவை? உடல்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் ‘ஸ்லீப் ஆப்னியா’வின் தீவிர நிலை, கட்டுப்பாட்டில் இல்லாத டைப் 2 சர்க்கரைநோய். அவ்வளவுதான்.

மூட்டுவலி இதில் இல்லை. ரத்தக்கொதிப்பு இல்லை. பி.சி.ஓ.எஸ், குழந்தையின்மை, கொழுப்புக் கல்லீரல் எதுவும் இல்லை. ஆனால், நம் வீடுகளில் எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அறிவுறுத்துவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்! மறுப்புக் கடிதம் வரும்போது குடும்பம் அதிர்ந்துபோவதும் இதனால்தான்.

160 செ.மீ உயரமுள்ள மூன்று பெண்களை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். முதலாமவர் 103 கிலோ, பி.எம்.ஐ 40-ஐத் தாண்டிவிட்டது. வேறு நோய் இல்லாவிட்டாலும் எடை அளவில் அவர் விதிக்குள் வருகிறார். இரண்டாமவர் 92 கிலோ, பி.எம்.ஐ சுமார் 36. மருந்துக்கும் அடங்காத சர்க்கரைநோய் இருந்தால் விதிக்குள் வருவார். முழங்கால் வலி மட்டும் என்றால் வரமாட்டார். மூன்றாமவர் 82 கிலோ, பி.எம்.ஐ 32. சர்க்கரைநோய் இருந்தால் டாக்டர் அறுவைசிகிச்சையைப் பரிந்துரைக்கக்கூடும். ஆனால், இந்த வாசகத்தின்படி அவருக்குப் பணம் கிடைக்காது.

சில பாலிசிகள் இதைவிடத் தாராளமாக இருக்கலாம். அலுவலகத்தின் குரூப் பாலிசியில் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பி முடிவெடுக்காமல், பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு ஆபத்தான குறுக்குவழிகள்

‘இன்னும் மூணு கிலோ ஏறினா 40 வந்துடும்’ என்று சாப்பிட்டு எடையைக் கூட்டுவது ஒன்று. ‘மாத்திரையை நிறுத்தினா சர்க்கரை ஏறிடும், அப்புறம் கிளெய்ம் கிடைக்கும்’ என்பது இன்னொன்று. இரண்டும் மயக்க மருந்து கொடுக்கப்படும் உடலோடு விளையாடுவது. சர்க்கரை ஏறிய உடலில் புண் ஆறுவது தாமதமாகும், கிருமித்தொற்று அபாயமும் கூடும். அப்படிப்பட்ட நிலையில் டாக்டரே அறுவைசிகிச்சையைத் தள்ளிவைத்துவிடுவார்.

பாலிசி எடுக்கும்போது சர்க்கரைநோயை மறைப்பதும் இதே ரகம்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்கு இன்றைய விதிப்படி அதிகபட்சம் 36 மாதங்கள் காத்திருந்தால் போதும். மறைத்தது வெளியே வந்தால் கிளெய்ம் போகும். பாலிசியே ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. உடல்பருமன் அறுவைசிகிச்சைக்கென்றே தனிக் காத்திருப்புக்காலம் வைத்திருக்கும் பாலிசிகளும் இருக்கின்றன. அதையும், இந்தச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்கள் பழைய பாலிசியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கக் கூடாது. ‘போர்ட்டிங்’ முறையில் மாறினால்தான் இதுவரை காத்திருந்த காலம் கணக்கில் வரும்.

முயன்றதற்கு சாட்சி எங்கே?

‘எளிய வழிகளில் முயன்று பலனில்லை’ என்ற வரிதான் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. பத்து வருடங்களாக டயட், வாக்கிங், ஜிம் என்று போராடியவரிடம்கூட ஒரு துண்டுச்சீட்டு இருக்காது. பேலியோ டயட் இருந்ததும், காலையில் கொள்ளுக்கஞ்சி குடித்ததும் வீட்டாருக்குத் தெரியும். கிளெய்ம் பார்க்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

எனவே, அறுவைசிகிச்சை பற்றிய எண்ணம் வந்த நாளிலிருந்தே ஒரு ஃபைல் போட வேண்டும். மாதம் ஒருமுறை டாக்டரையோ, டயட்டீஷியனையோ பார்த்து, தேதியுடன் எடையைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். கொடுத்த உணவுத்திட்டம், மருந்துச் சீட்டுகள், ரசீதுகள், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில் சேரட்டும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், ‘ஸ்லீப் ஸ்டடி’ பரிசோதனை அவசியம். மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைபட்டால் அது தீவிர நிலை. ‘குறட்டை விடுகிறார்’ என்று எழுதினால் கிளெய்மில் எடுபடாது; அந்த எண்தான் எடுபடும்.

கடைசியாக, அறுவைசிகிச்சை நிபுணரின் கடிதம். உயரம், எடை, பி.எம்.ஐ, அளந்த தேதி, இணைநோய்கள், இதுவரை முயன்ற சிகிச்சைகள், எந்த அறுவைசிகிச்சை, ஏன் என்ற விவரங்கள் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

உடலுக்கும் ஒரு தயாரிப்பு

இந்த ஃபைலுக்காகச் செய்யும் வேலைகளில் பாதி, உயிரைக் காக்கும் வேலையும்கூட. 2024-ல் புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சென்னையில் எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தது தமிழகத்தையே உலுக்கியது. அனுபவமுள்ள குழுவும், ஐ.சி.யு வசதியும், முழுமையான பரிசோதனையும் இருக்கும் இடத்தில் இந்தச் சிகிச்சை பொதுவாகப் பாதுகாப்பானதுதான். ஆனால், இது ‘போனோம், வந்தோம்’ ரகம் அல்ல. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவிகிதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதைத் திரும்பப் பொருத்த முடியாது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு செல்லும்படி இணைப்பார்கள்.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, பி12, டி வைட்டமின், இரும்புச்சத்து அளவுகள், வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, இ.சி.ஜி, எக்கோ என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மனநல ஆலோசகரையும் சந்திக்கச் சொல்வார்கள். ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கோபப்பட வேண்டியதில்லை. கவலை வந்தால் சாப்பிடும் பழக்கம் இருக்கிறதா, மாறப்போகும் வாழ்க்கைக்கு மனம் தயாரா என்று பார்ப்பதற்காகத்தான் அது. புகை பிடிப்பவர்கள் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

கடைசி இரண்டு வாரங்களில் மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தைக் கூட்டிய குறைந்த கலோரி உணவைத் தருவார்கள். கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இதனால் சுருங்கும். அதற்கு அடியில் இருக்கும் இரைப்பையை எட்டுவது எளிதாகும். இந்த நாள்களில் இன்சுலின், சர்க்கரை மாத்திரைகளின் அளவை டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்கவியல் டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

டயட்டில் எடை குறைந்தால் கிளெய்ம் போய்விடுமா?

நியாயமான பயம். மேலே சொன்ன 103 கிலோ பெண், இந்த டயட்டில் 4 கிலோ குறைந்தால் 99 கிலோ, பி.எம்.ஐ 40-லிருந்து 38.7-க்கு இறங்கிவிடும். அதற்காக டயட்டைக் கைவிடுவது தவறு. டயட் தொடங்கும் நாளின் எடையை மருத்துவமனையிலேயே அளந்து, தேதியுடன் பதிவுசெய்ய வேண்டும். ‘அறுவைசிகிச்சைக்கான தயாரிப்பாக டயட் தரப்படுகிறது’ என்று டாக்டர் எழுதிய குறிப்பையும் சேர்த்து, முன் அனுமதி விண்ணப்பத்தில் வைக்க வேண்டும். எந்தத் தேதியின் எடையைக் கணக்கில் எடுப்பார்கள் என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே மெயிலில் கேட்டுவிட்டால் பின்னால் சிக்கல் இருக்காது.

பில்லில் கவனிக்க வேண்டியவை

இந்த அறுவைசிகிச்சையில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர்களின் விலையே கணிசமாக வரும். எஸ்டிமேட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பாலிசி அனுமதிக்கும் வாடகையைத் தாண்டிய அறையை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தனி ஏ.சி ரூமுக்கு ஆசைப்படும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

2024-ல் வந்த விதிப்படி, கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆனால், இது திட்டமிட்ட அறுவைசிகிச்சை. கடைசி நேரம் வரை காத்திருக்காமல், சில நாள்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடலாம். ஏதாவது குறை சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

மறுத்துவிட்டால்?

‘உங்கள் கிளெய்ம் ஏற்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு ஒதுங்கிவிட வேண்டாம். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்குப் புகார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதிவு செய்யலாம். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனை அணுகலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் நடத்தலாம். அவர் அளிக்கும் தீர்ப்புக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும். அங்கேயும் பேசப்போவது, அந்த ஃபைலில் இருக்கும் சீட்டுகள்தான்.

இன்ஷூரன்ஸ் தராத செலவு

அறுவைசிகிச்சைக்குப் பின் முதலில் திரவ உணவு, பிறகு கூழ், பிறகு மென்மையான உணவு என்று பல வாரங்கள் போகும். தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. வைட்டமின், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு பாலிசி குறிப்பிட்டுள்ள நாள்கள் வரைதான் பணம் வரும். அதற்குப் பிறகு எல்லாம் குடும்ப பட்ஜெட்டில்தான். பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்பதால், புதிதாகத் திருமணமானவர்கள் இதைத் துணையோடு முன்பே பேசிவிட வேண்டும்.

மாதாமாதம் டயட்டீஷியனிடம் போய் எடை பார்த்து, புரதக் கணக்கு எழுதி, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளப் பழகியவருக்கு இவையெல்லாம் புதிதாக இருக்காது. ஆறு மாதங்கள் ஃபைலுக்காகச் செய்ததைத்தான் அவர் இனி தனக்காகத் தொடரப் போகிறார். அந்த ஆறு மாதங்களைக்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால், கத்தியைப் பற்றி டாக்டரிடம் இன்னொரு முறை நிதானமாகப் பேசிவிடுவது நல்லது.